ஐசியூ வாசலில் வந்து நிற்கும் கேள்விகள்

உயிர் என்பது எது, விதி என்று ஒன்று இருக்கிறதா, நல்லது கெட்டதை முடிவு செய்வது யார் என்று நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், வேலூர்ப் பக்கத்தில் ஐந்தாவது ஆள் ஒருவர் வந்து முடித்துவைப்பார்: "இதெல்லாம் பேசி இன்னா ஆவப்போவுது? போயி பொழப்பப் பாருங்க." பேசிக்கொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் மீதிப் பாதியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஐந்தாவது ஆளின் வாதத்தை அவரைவிட வலுவாகச் சொன்னவர் புத்தர். மாலுங்கியபுத்தர் என்ற சீடர் வந்து, உலகம் நிலையானதா இல்லையா, எல்லை உள்ளதா இல்லாததா, உயிரும் உடலும் ஒன்றா வேறா, மெய்ஞ்ஞானி இறந்த பிறகு இருக்கிறாரா இல்லையா என்று பத்துக் கேள்விகளை வைத்து, பதில் சொல்லாவிட்டால் துறவை விட்டுவிடுவேன் என்கிறார். நச்சு அம்பு தைத்த ஒருவன், எய்தவன் யார், எந்தச் சாதி, வில் எந்த மரம் என்று தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்று சொன்னால் கேட்டுக்கொண்டே செத்துப்போவான் என்று புத்தர் பதில் சொன்னார். பத்துக் கேள்விகளையும் விடையளிக்காமல் ஒதுக்கிவைத்தார். இதற்கு மேல் யாரும் இந்தப் பக்கத்துக்காக வாதாட முடியாது.

ஆனால் அந்தக் கதையில் அம்பு எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிடுங்குவதுதான் சரி என்பதிலும் சந்தேகமில்லை. கேட்பவன் மட்டும்தான் தடை. வாழ்க்கையில் எப்போதும் அப்படி வாய்ப்பதில்லை. எது அம்பு, எது உடம்பு என்பதே கேள்வியாக நிற்கிற இடங்கள் உண்டு. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, கையில் ஸ்கேன் கவரோடு ஆட்டோ ஏறுகிறவர்களின் ஊர் இது. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்ததும் இந்த ஊரின் சிஎம்சியில்தான். ஐந்தாவது ஆள் வீண்பேச்சு என்று தள்ளிய கேள்விகள் எல்லாம் இங்கே அச்சடித்த படிவமாக, கையெழுத்துப் போட ஒரு கோட்டோடு, கைக்கு வந்து சேர்கின்றன.

சூடாக இருக்கும் உடம்பு

தலையில் அடிபட்ட ஓர் இளைஞர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போன பைக் விபத்து என்று வைத்துக்கொள்வோம். வென்டிலேட்டரில் இருக்கிறார். மானிட்டரில் பச்சைக் கோடு ஓடுகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. தொட்டால் சூடு. மருத்துவர் வெளியே வந்து, மூளைச்சாவு அடைந்துவிட்டார் என்கிறார். வாசலில் நிற்கிற பெரியப்பா கேட்பார்: "இதயம் துடிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எப்படி சார் செத்துட்டான்றீங்க?" அறியாமையில் வந்த கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1959இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் 'கோமாவுக்கும் அப்பால்' என்று ஒரு நிலையை விவரித்த நாளிலிருந்து உலகம் விவாதித்துவருகிற கேள்வி அது. 1967 டிசம்பரில் முதல் இதய மாற்று நடந்தது. 1968 ஆகஸ்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் குழு மூளைச் செயலிழப்பையே மரணமாகக் கொள்ளலாம் என்று அறிக்கை தந்தது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளையின் அடியில் மூச்சை இயக்கும் பகுதியான மூளைத்தண்டு செத்துப்போவதை மரணமாக ஏற்றது. ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதே இறப்பு என்கிறது. மூளைத்தண்டு என்ற பேச்சே அதில் இல்லை. பெரியப்பாவின் சந்தேகத்துக்குச் சட்டப் புத்தகத்திலேயே இடம் இருக்கிறது.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கேள்வி கூர்மையாகும். முதலில், மூளை ஏன் இப்படி ஆனது என்பதற்கு உறுதியான, சரிசெய்ய முடியாத காரணம் இருக்க வேண்டும். உடல் குளிர்ந்துபோனது, தூக்கமருந்து, தசை தளர்த்தும் மருந்து, ரத்தத்தில் உப்போ சர்க்கரையோ தாறுமாறாக இருப்பது, இவையெல்லாம் மூளைச்சாவு போலவே தோற்றம் காட்டும் என்பதால் ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகுதான் சோதனையே தொடங்கும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாவை சுருங்குகிறதா, விழியைப் பஞ்சால் தொட்டால் இமை மூடுகிறதா, காதுக்குள் பனிக்கட்டி போல் குளிர்ந்த தண்ணீரை விட்டால் கண் அசைகிறதா, தொண்டையில் குழாய் பட்டால் குமட்டலோ இருமலோ வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கடைசியில் மூச்சுச் சோதனை. பத்து நிமிடம் போல முழு ஆக்சிஜன் கொடுத்து, பிறகு வென்டிலேட்டரைப் பிரித்து, ஆக்சிஜனை மட்டும் குழாய் வழியே விட்டுவிட்டு, நெஞ்சும் வயிறும் அசைகின்றனவா என்று கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டரைத் தொட்டும் ஒரு மூச்சுகூட எழாவிட்டால் மூளைத்தண்டு செயல்படவில்லை என்று பொருள். பெரியவர்களுக்குக் குறைந்தது 6 மணி நேரம் கழித்து இத்தனையும் இன்னொரு முறை. நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். மாற்று அறுவைக் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் ஒருவராக இருக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கால் லேசாக உதறலாம். அது முதுகுத்தண்டிலிருந்து மட்டும் வருகிற அசைவு, மூளைக்கு அதில் வேலையில்லை. முன்கூட்டிச் சொல்லிவைக்காவிட்டால் அந்த ஓர் உதறலில் குடும்பம் மருத்துவர் மேல் வைத்த நம்பிக்கை முழுக்கப் போய்விடும். போனால் அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் ஏறாது.

பெரியப்பாவின் கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. மூளைத்தண்டு மறுபடி வேலை செய்யுமா என்பது ஒன்று. இதற்கு விடை சோதனையில் இருக்கிறது, யாருடைய நம்பிக்கையும் அதை மாற்றாது. மூளைத்தண்டு போன ஓர் உடம்பை 'அவன்' என்று சொல்வதா என்பது இன்னொன்று. எந்தக் கருவியும் இதைக் காட்டாது, மனிதர்கள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வேளை நாம் நினைப்பது தவறென்றால் எந்தப் பக்கம் தவறுவது குறைந்த கேடு என்பது மூன்றாவது. பெரிய கேள்விகளை வாதாடிப் பழகியதால் கையில் நிற்கும் பயன் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: முறுக்கிக் கிடப்பதை இந்த மூன்று இழைகளாகப் பிரிக்கத் தெரிவது. பழகாதவர்கள் முதல் கேள்விக்கு மூன்றாவது கேள்வியின் பயத்தோடு பதில் சொல்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு ஸ்கேனில் விடை தேடுகிறார்கள். பக்கத்து மருத்துவமனையில் இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று அலைகிறார்கள். ஸ்கேன் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்டது, இரண்டாவது கேள்வியைப் பற்றி வாய்விட்டுப் பேச ஓர் இடமும் நேரமும்தான்.

நேரம்தான் அங்கே இல்லாதது. எடுத்த இதயம் ஏறத்தாழ 4 மணி நேரம்தான் தாங்கும். கல்லீரலுக்குச் சற்றுக் கூடுதல், சிறுநீரகம் ஒரு நாள் வரைகூட. அதற்கு முன்பே, மூளைச்சாவடைந்த உடம்பில் ரத்த அழுத்தம் எப்போது வேண்டுமானாலும் சரியலாம். 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், மகனின் உறுப்புகளைத் தந்தார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வீட்டுத் திண்ணைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். உயிர் எது, உடம்பு எது என்று அவர்கள் தொழிலின் வழியே பல வருடம் யோசித்தவர்கள். அந்த யோசனையை மற்றக் குடும்பங்கள் ஒரு ராத்திரிக்குள், அழுதுகொண்டே, செய்துமுடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

பாலாற்றில் வந்து சேர்ந்த வாதம்

1968 அறிக்கை வந்த கையோடு அதை எதிர்த்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் யோனாஸ் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர். உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு சரியாக எங்கே விழுகிறது என்று நமக்குத் தெரியாது, தெரியாதபோது உயிர் இருக்கக்கூடும் என்ற பக்கமே சாய வேண்டும் என்பது அவர் வாதம். சட்டங்கள் அவர் சொன்னபடி போகவில்லை. ஆனால் மூன்றாவது கேள்வியை, அதாவது சந்தேகம் வந்தால் யார் பக்கம் நிற்பது என்பதை, அவரைப் போல் கூர்மையாக வைத்தவர்கள் குறைவு. அறைக்குள் நடக்கும் அந்த இரண்டாவது சோதனையும் 6 மணி நேரக் காத்திருப்பும் அதே கவலைக்குச் சொல்லும் பதில்தான்.

அதே யோனாஸ் பின்னாளில் இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா என்று எழுதினார். கேடு வரும் என்று முழு நிச்சயம் இல்லாவிட்டாலும் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்கிற, சுற்றுச்சூழல் சட்டத்தின் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டுக்குத் தத்துவ அடிப்படை தந்தவர்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். 1992இல் ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் 15ஆவது கோட்பாடாக அது இடம்பெற்றது. அங்கிருந்து நேராக நம் ஊருக்கு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றியது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் போகிறது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற விவரங்கள் நீதிமன்றத்தின் முன் இருந்தன.

அந்தத் தீர்ப்பில் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது அபராதம் அல்ல. நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றியதுதான். அதுவரை கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன விவசாயிதான், 'இந்த ஆலையால்தான் கெட்டது' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. குரோமியமும் உப்பும் பூமிக்குள் இறங்கி எந்தத் திசையில் போயின என்பதை எந்த விவசாயி நிரூபிப்பார்? தன் தொழில் சூழலுக்குக் கேடில்லை என்று நிரூபிக்க வேண்டியது ஆலை நடத்துகிறவரின் பொறுப்பு என்றது தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 'நிச்சயமாகத் தெரியாதபோது என்ன செய்வது' என்பது ஆதிகாலத் தத்துவக் கேள்வி. அதற்கு ஒரு பதில் கிடைத்ததும் யார் வக்கீல் வைக்க வேண்டும், யார் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுகூட மாறிவிட்டது. பாலாறு அதனால் சுத்தமாகிவிடவில்லை. கழிவில் உப்பைப் பிரிப்பது செலவு பிடித்த வேலை, தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது அதைவிடக் கடினமான வேலை. ஆனாலும் இந்தியாவின் எந்த மூலையில் மாசு வழக்கு நடந்தாலும் 'வேலூர் தீர்ப்பு' என்று வக்கீல்கள் எடுத்துவைக்கிறார்கள்.

எந்த வாதம் வீண்

ஐந்தாவது ஆள் சொல்வதில் பாதி உண்மை என்றேன். அந்தப் பாதி இங்கே வருகிறது. நாம் பழகியிருக்கிற வாதம் பெரும்பாலும் பட்டிமன்ற வாதம். அணி முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. எதிரணி சொன்னதில் மெலிந்த ஒரு சொல்லைப் பிடித்துக் கைத்தட்டல் வாங்குவதுதான் திறமை. கேட்க நன்றாக இருக்கும். அதில் வளர்ந்த மனம் ஐசியூ வாசலிலும் மெலிந்த சொல்லைத்தான் தேடும். பட்டிமண்டபத்தை நமக்குச் சொன்ன மணிமேகலையில், அங்கே சமயவாதிகள் முறையறிந்து ஏற வேண்டும், பகைவர்களோடுகூடச் சினமும் பூசலும் கொள்ளாமல் விலக வேண்டும் என்று முரசறைவதாக வருகிறது. அந்த இரண்டு விதியும் எங்கோ உதிர்ந்துவிட்டன.

எப்படி வாதாடுவது என்பதற்கு இந்த மண்ணிலேயே ஆள் இருந்தார். ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தைச் சேர்ந்த அப்பய்ய தீட்சிதர், 16ஆம் நூற்றாண்டில் வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவில் இருந்தவர். அவர் எழுதிய சைவ உரைக்காக நாயக்கர் பொன்னால் அபிஷேகம் செய்ததை அடையபலம் கோயிலின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நான் மதிப்பது அந்தப் பொன்னை அல்ல. அத்வைதம், சிவாத்வைதம், ராமானுஜர் மதம், மத்வர் மதம் என்று நான்குக்கும் தனித்தனியே சுருக்க நூல் எழுதினார். அந்தந்த மதத்துக்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படி. கடைசி மதத்தோடு அவருக்குக் கடும் சண்டையே இருந்தது. அத்வைதத்துக்குள்ளேயே உயிர் ஒன்றா பலவா என்பது போன்றவற்றில் யார் யார் எப்படிப் பிரிகிறார்கள் என்பதைத் திரட்டி இன்னொரு நூலும் செய்தார். பூர்வபட்சம் என்பது அதுதான். எதிராளியின் கட்சியை அவர் கேட்டு, 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று தலையாட்டும் அளவுக்குச் சொன்ன பிறகே மறுக்கத் தொடங்குவது. வீட்டில் செய்து பார்க்கலாம். 'எல்லாம் தலையெழுத்து' என்கிற மாமாவின் கட்சியை மருமகன் ஐந்து நிமிடம் மாமா சார்பில் பேசட்டும். விதி என்று மாமா சொல்வது முயற்சி வேண்டாம் என்பதற்காக அல்ல, நடந்ததற்கு மகளைக் குற்றம் சொல்லாதீர்கள் என்பதற்காகத்தான் என்று பாதி வீடுகளில் அப்போதுதான் புரியும். புரிந்த பிறகு சண்டைக்கு வேலையில்லை.

முடிவு எப்படி வந்தாலும் நாளைக்குச் செய்யப்போவது மாறாது என்றால் அந்த வாதத்தை ரசனைக்காக வைத்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை. உலகம் எல்லை உள்ளதா இல்லாததா என்பது எனக்கு அப்படிப்பட்டது. மாலுங்கியபுத்தரின் பட்டியலில் உயிரும் உடலும் ஒன்றா வேறா என்பதை மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். அதன் மேல் இன்றைக்குக் கையெழுத்து விழுகிறது.

வீட்டில் பேசிவைக்க வேண்டியது

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கண்ணியமாக இறக்கும் உரிமையை ஏற்று, தேறாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வழி செய்தது. லிவிங் வில் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததால் பயன்படுத்தியவர் அரிது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். 18 வயது நிரம்பி, தெளிந்த மனதோடு இருப்பவர், இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தன்னால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் எழுதலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம். நிலைமை வரும்போது, சிகிச்சை தரும் மருத்துவரும் அந்தத் துறையில் 5 ஆண்டு அனுபவமுள்ள இருவரும் கொண்ட குழு ஒன்றும், அதற்கு மேல் இன்னொரு குழுவும் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, வாசகத்தால். 'எனக்கு டியூப் எல்லாம் வேணாம்' என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. நிமோனியாவுக்கு நாலு நாள் வென்டிலேட்டர் வைத்து எழுந்து வீட்டுக்கு வருவதும், நினைவு திரும்பாது என்று தெரிந்த பிறகு மாதக்கணக்கில் கிடப்பதும் ஒன்றல்ல. 'நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொன்னால்' என்ற நிபந்தனை வேண்டும். உறுதியாகச் சொல்ல முடியாதபோது எத்தனை நாள் முயன்று பார்க்கலாம் என்றும் எழுத வேண்டும். ஒரே பிரதியைப் பீரோவில் பூட்டிவைப்பது அடுத்த கேடு. குடும்ப மருத்துவருக்கு ஒன்று, பெயர் எழுதப்பட்டவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைக்குப் படித்தே காட்ட வேண்டும். கூடவே இருந்து பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்க, கடைசி நாளில் விமானத்தில் வந்து இறங்குகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார். அவர்மேல் தப்பில்லை. அவரிடம் யாரும் பேசவே இல்லை.

எந்தக் கேள்வியில் தொடங்குவது என்று கேட்டால், மூக்குக் குழாயில் ஊற்றும் கஞ்சியில் தொடங்கச் சொல்வேன். அது வைத்தியமா, பெற்றவருக்குப் பிள்ளை செய்யும் கடமையா? வைத்தியம் என்றால் பலனில்லாதபோது நிறுத்தலாம். கடமை என்றால் நிறுத்துவது பட்டினி போடுவதாகிவிடும். வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதிக்கிற வீடுகளும் இந்தக் கஞ்சியில் வந்து நிற்கும். உயிர், கடமை, வேதனை என்று பெரிய சொற்கள் எதுவும் இல்லாமலே எல்லாம் இதற்குள் வந்துவிடும். எப்போதும் வாய் திறக்காத அத்தைகூட இதற்கு ஒரு கருத்து வைத்திருப்பார். யாராவது படுத்துக் கிடக்கும்போது இதைப் பேச முடியாது, அவர் காதில் விழும். தூரத்துச் சொந்தம் ஒருவரின் காரியத்துக்கு எல்லோரும் கூடியிருக்கிற மத்தியானம், சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கும்போது, பேச்சைத் தொடங்கலாம். அத்தையை முதலில் பேச விடுங்கள்.